மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு

என் காதல் கதைகளுக்கு வந்த விமர்சனங்களில் ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை. எல்லாம் என் கணவருக்கு வந்தவை. கதைகளை எழுதியவள் நான். தலைப்புக்குக் கீழே அச்சாகியிருந்ததும் என் பெயர்தான். ஆனாலும் வாசகர்கள் “மதிப்பிற்குரிய ஐயா” என்றுதான் தொடங்குவார்கள்.

அந்தக் காலத்துப் பத்திரிகை வழக்கம் அப்படி. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் வார இதழ்களில் எழுதிய ஆண்கள் பலர் மனைவி பெயரை வைத்துக்கொண்டார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டு கதை எழுதினால் மேலதிகாரி கேள்வி கேட்பார் என்ற பயம் சிலருக்கு. பெண் பெயர் போட்டால் கதை சீக்கிரம் அச்சேறும் என்ற நப்பாசை சிலருக்கு. அதனால் பெண் பெயரைக் கண்டாலே, அதற்குப் பின்னால் வேட்டி கட்டிய ஒருவர் ஒளிந்திருக்கிறார் என்று வாசகர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். நான் சொந்தப் பெயரில் எழுதினேன். அதனாலேயே என்னை ஒருவரும் நம்பவில்லை. ஓர் ஆணின் பெயரில் எழுதித் தொலைத்திருந்தால், இது யாரோ ஒரு பெண்ணாக இருக்குமோ என்று ஒருவராவது சந்தேகப்பட்டிருப்பார்.

மயிலாப்பூரில் குளத்துக்கு அடுத்த தெருவில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கணவர் கோட்டைப் பக்கம் ஒரு ஆபீசில் குமாஸ்தா. காலையில் அவர் பஸ் பிடிக்கப் போன பிறகு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மாலையில் குழாயில் தண்ணீர் வருவதற்குள் எழுதுவேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம்தான் என் காகிதம். என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். எனக்கே மறுநாள் சில வரிகள் விளங்காது.

அவருடைய கையெழுத்தோ முத்து முத்தாக இருக்கும். ஆபீசில் பெரிய அதிகாரிக்குப் போகும் காகிதங்களை எல்லாம் அவரைக் கூப்பிட்டுத்தான் எழுதச் சொல்வார்களாம். என் முதல் கதையைக் கையில் வாங்கிப் பார்த்தவர் சிரித்தார். “இதை இப்படியே அனுப்பினா, அவா பிரிச்ச கையோட குப்பைல போட்டுடுவா. குடு, நான் காப்பி பண்ணித் தரேன்.”

அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெண்டாட்டி எழுதிய காதல் கதையை உட்கார்ந்து படியெடுக்கிற புருஷன் எங்கள் தெருவில் வேறு யாருக்கு வாய்த்திருந்தான்? ஒரு பக்கம் மட்டும் எழுதி, மார்ஜின் விட்டு, ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதித் தந்தார். எத்தனையோ கதைகளை அப்படித்தான் அனுப்பினோம். ஆக, பத்திரிகை ஆபீசில் அவர்கள் பார்த்ததெல்லாம் அவர் கையெழுத்தைத்தான்.

விமர்சனங்களைச் சேர்த்து வைத்து, ஒரு பழுப்பு உறையில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் உறையில் இருந்த ஒன்று இன்னும் மனப்பாடம். அடையாற்றுப் பாலத்தில் இரண்டு பேர் சாயங்காலம் நின்று பேசுவதாக எழுதியிருந்தேன். அடையாற்றிலிருந்தே ஒருவர் எழுதியிருந்தார்: “ஐயா, அந்தப் பாலத்தில் நின்றால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். தங்கள் காதலர்களுக்கு ஜலதோஷமா?” இருவரும் சேர்ந்து சிரித்தோம். “ஐயாவாம்டி!” என்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அது வேடிக்கையாக இருந்த நாட்களும் உண்டு.

வேடிக்கை எந்தக் கடிதத்தோடு நின்றது என்றும் சொல்ல முடியும். ஒரு கதையில், கணவனின் ஒரு சொல் தாங்காமல் ஒருத்தி அடுப்படியில் நின்று அழுவாள். கையிலிருக்கும் கரண்டியைக் கீழே வைக்காமலே அழுவாள். வைத்தால் குழம்பு அடிப்பிடித்துவிடும். அதை நான் எங்கேயும் போய்ப் பொறுக்கிக்கொண்டு வரவில்லை. அழுதவள் நான்தான். அப்போது அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கதைக்குக் கடிதங்கள் குவிந்தன. திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் எழுதினார்: “பெண்ணின் மனத்தை இவ்வளவு நுட்பமாகப் பார்க்க ஓர் ஆணால்தான் முடியும். பெண்கள் எழுதினால் ஒப்பாரியாகிவிடும். கரண்டியைக் கீழே வைக்காமல் அழுததை எங்கே கண்டீர்கள் ஐயா?”

முன்பின் தெரியாத ஆண்களுக்குக் குடும்பப் பெண் பதில் எழுதுவது அழகில்லை என்று, பதில் போடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டிருந்தார். அன்று எழுதிய பதிலை என்னிடம் படித்துக் காட்டினார். “சமையலறை வாசலில் நின்று கண்டேன்” என்று எழுதியிருந்தார்.

“நீங்க எப்போ சமையலறை வாசல்ல நின்னேள்?” என்று கேட்டேன்.

“அட, ஒரு பேச்சுக்குத்தானேடி. அவ்வளவு பெரிய மனுஷர் கேட்டிருக்கார். பொண்டாட்டிதான் எழுதினான்னு சொன்னா அவருக்கு ஏமாத்தமா இருக்காதோ?”

அந்தத் திருச்சிக்காரருடைய ஏமாற்றத்தைப் பற்றி என் கணவருக்கு அவ்வளவு கவலை.

ஆபீசிலும் கதை பரவியது. முதலில் “ஐயோ, நான் இல்லை சார், ஆத்துக்காரி” என்று சொல்லித்தான் பார்த்தாராம். அவர்கள் கண்ணடித்தார்களாம். பிறகு அதையே சிரித்துக்கொண்டு சொன்னார். சிரித்துக்கொண்டு மறுத்தால் அது மறுப்பா? அப்புறம் சிரிப்பு மட்டும் மிஞ்சியது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையதுதான். ஒரு நாள் வாசலில் பூக்காரி முழம் போட்டுக்கொண்டே கேட்டாள்: “இன்னாம்மா, உன் வூட்டுக்காரு பொஸ்தகத்துல கதை எய்துறாராமே! அந்தக் கடைசிக் கதைல அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு, கேட்டுச் சொல்லேன்.” அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துச் சொல்லியிருந்தார்கள். “நான்தாம்மா எழுதறேன்” என்றேன். “நீயா?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “தமாசு பண்றே” என்று கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

நாத்தனார் வந்தபோதும் வாயைத் திறந்தேன். அவளிடம் சொன்னால் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் போய்ச்சேரும் என்ற நம்பிக்கை. அவள் முகம் கறுத்தது. “இதை வெளில சொல்லிண்டிருக்காதே. அவன் எழுதினா பரவாயில்லை, ஆம்பிளை, நாலு இடம் போறவன். நீ எழுதினேன்னா, இதெல்லாம் இவளுக்கு எங்கேர்ந்து தெரிஞ்சதுன்னு கேக்க மாட்டாளா?” என்றாள். நான் பொய் சொல்கிறேன் என்று அவள் நினைக்கவில்லை. நிஜமாக இருந்துவிடப் போகிறதே என்றுதான் பயந்தாள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. முகம் தெரியாத வாசகர் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், “அம்மா” என்று ஆரம்பித்து ஒரு கடிதம் போட வேண்டும். அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை.

தியாகராய நகரில் ஒரு மாதர் சங்கத்தார் எங்கள் இருவரையும் ஆண்டு விழாவுக்கு அழைத்தார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பனகல் பார்க்கில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துபோகும்போது மனத்துக்குள் பேச்சைக்கூடத் தயார் செய்துவைத்திருந்தேன். பெண்கள் கூட்டம்; பெண்களுக்காவது தெரியும் என்று நினைத்துவிட்டேன். மேடையில் பொன்னாடையை அவருக்குப் போர்த்தினார்கள். எனக்கு ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், ரவிக்கைத் துணி. சங்கத்துச் செயலாளர் அம்மாள், அங்கேயே ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர்; நல்ல மனுஷி. என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, ஒங்க பேரை அவுகளுக்குக் குடுத்திருக்கீகளே, அதுக்கே பெரிய மனசு வேணும். எங்க வீட்டுல நாங்க எல்லாரும் சாரோட கதைய விடாம படிக்கோம்” என்றார்.

என் கணவர் மைக்கைப் பிடித்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். “பெண்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இதோ உட்கார்ந்திருக்கிறாளே, இவளிடம் கற்றுக்கொண்டதுதான்” என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. என்னையும் எழுந்து கும்பிடச் சொன்னார்கள். எழுந்து கும்பிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். “ஏன்னா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?”

“பொய் சொன்னேனா? உன்னைப் பாத்துக் கத்துண்டேன்னுதானே சொன்னேன்” என்றார். பொன்னாடையை மடித்து மடிமேல் வைத்திருந்தார்.

அந்த வாரமே ஒரு கதை எழுதினேன். காதல் கதைகள் எழுதும் ஒரு பெண். அவளுக்கு வரவேண்டிய புகழையெல்லாம் வாங்கித் தோளில் போட்டுக்கொள்ளும் ஒரு புருஷன். பூக்காரி, நாத்தனார், தேங்காய்த் தட்டு, எல்லாவற்றையும் வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும், சோற்றைத் தள்ளிவிட்டுப் பூசணிக்காயை நடு இலையில் வைத்துவிடுகிறேன் என்ற ஆத்திரம். படியெடுக்க அவரிடம் கொடுக்கவில்லை. என் கோழிக் கிளறலிலேயே, முடிந்தவரை நிதானமாக எழுதி, நானே தபாலாபீசுக்குப் போய்ச் சேர்த்துவிட்டு வந்தேன்.

பத்திரிகை ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. கணவர் பெயருக்குத்தான். “ஐயா, தங்கள் உடல்நலம் எப்படி? கையில் ஏதாவது வலியா? இந்த முறை தங்கள் துணைவியாரைக்கொண்டு எழுத வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. அச்சுக் கோப்பவர்கள் பாவம், அழுதுவிட்டார்கள். ஆனாலும் கதை பிரமாதம். வருகிற இதழிலேயே போடுகிறோம்.”

அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “என்ன கதை அனுப்பினே?” என்றார். “வந்ததும் படியுங்கோ” என்றேன்.

வந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்து படித்தார். சங்கிலிச் சத்தம் நின்றுபோனது. அன்று சாப்பிடும்போது தலையை நிமிர்த்தவில்லை. மோர்கூடக் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? இனி ஊருக்கே தெரிந்துவிடும், வாசகர்கள் அவரை விளாசப் போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

பழுப்பு உறை வந்தது. அதுவரை வந்ததிலேயே தடிமனான உறை. அவர் பிரிக்கத் தயங்கியதால் நானே பிரித்தேன்.

“மதிப்பிற்குரிய ஐயா, தன்னைத்தானே இப்படிக் கேலி செய்துகொள்ளும் பெருந்தன்மை எத்தனை ஆண்களுக்கு வரும்!”

“ஐயா, பெண்ணின் பக்கம் நின்று, ஆண் வர்க்கத்தையே சாட்டையால் அடித்துவிட்டீர்கள். தாங்களும் ஓர் ஆண் என்பதை நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.”

“ஐயா, கதை நன்று. ஆயினும் மனைவிக்கு இவ்வளவு இடம் கொடுக்காதீர்கள். நாளை அவரே எழுதியதாகச் சொல்லிவிடப் போகிறார்.”

ஒவ்வொன்றாக வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் தெளிந்துகொண்டே வந்ததை நான் எதிரில் நின்று பார்த்தேன். கடைசிக் கடிதத்தைப் படித்ததும் சிரித்தேவிட்டார். “பார்த்தியா, எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. நான்தான் அனாவசியமா மனசைப் போட்டு உழப்பிண்டேன்” என்றார். எழுந்துபோய்ப் பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டு பதில் எழுத உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. சபதமெல்லாம் ஒன்றுமில்லை. காலண்டர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். முதல் வரி வரும்போதே “ஐயா” என்று யாரோ கூப்பிடுவார்கள். பாத்திரம் கழுவியபின் தூங்கப் பழகிக்கொண்டேன். அவரும் சில மாதங்கள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேனோ என்ற பயமாக இருக்கலாம்.

பிறகு ஒரு நாள் அந்தத் திருச்சி ஆசிரியரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. கரண்டியைப் பற்றி எழுதியவர்தான். “ஐயா, தங்கள் கதைகளைக் கண்டு வெகுநாளாயிற்று. ஏன் எழுதுவதில்லை?”

அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் கணவர் வந்தார். வந்து, சமையலறை வாசலில் நின்றார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் அங்கே நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“இவருக்கு என்னன்னு எழுதட்டும்?” என்று கேட்டார்.

நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் என் முகத்தைப் பார்த்திருப்பார். கரண்டியைக் கீழே வைக்காமலே, “ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, எழுத முடியலைன்னு எழுதுங்கோ” என்றேன்.

அப்படியே எழுதினார். முத்து முத்தான கையெழுத்து. கறிகாய் வாங்கப் போகும்போது தபாலில் சேர்த்துவிடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்.