அண்ணனுக்கு இன்னிக்கு பிரஷர் எவ்ளோ?

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கல்யாணச் சாப்பாடு. பலாக்கொட்டைக் காரக்குழம்பு பிரமாதம்... இரண்டு முறை கேட்டு வாங்கினேன். (என் டாக்டர் இதைப் படித்தால் மன்னிக்கவும்.) ஆனால் அந்த இலை முன்னால் உட்கார நான் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. தாமதத்துக்குக் காரணம் சமையல்காரர் இல்லை. ஒரு தலைவரின் ரத்த அழுத்தம்!

பெண்ணின் அப்பா கலியமூர்த்தி, என்னோடு கல்லூரியில் படித்தவன். இப்போது கட்சியில் வார்டு செயலாளர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், கல்யாண வீட்டு வம்பு எனக்கு எதற்கு? ராகுகாலம், எமகண்டம் எதுவும் பார்க்க மாட்டான். ஆடி மாதத்தில் புது வீடு குடிபோனவன். மகள் எழிலரசியின் கல்யாணத்துக்கும் புரோகிதர் கிடையாது, பஞ்சாங்கம் கிடையாது. அண்ணன் தலைமை, அண்ணன் கையால் தாலி... முடிந்தது வேலை.

அண்ணன் என்றால்? எங்கள் மாவட்டத்தில் அந்தக் கட்சியை வளர்த்தவர். வயது எண்பத்தொன்று. கலியமூர்த்தியின் அப்பாவும் அவரை அண்ணன் என்றார், கலியமூர்த்தியும் அண்ணன் என்கிறான், எழிலுக்கும் அவர் அண்ணன்தான். ஒரே ஆள் மூன்று தலைமுறைக்கு அண்ணனாக இருப்பது அரசியலில் மட்டும்தான் நடக்கும்.

அந்த அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கல்யாணத்துக்குக் குறித்த முதல் தேதி போச்சு. வீடு திரும்பினார், அடுத்த தேதி குறித்தார்கள். திடீரென்று மூச்சுத்திணறல், மறுபடி ஆஸ்பத்திரி. அதுவும் போச்சு. மூன்றாவது தேதியை பிரஷர் சாப்பிட்டுவிட்டது.

"வேற யாரையாவது வெச்சு நடத்திடேன்டா" என்றேன்.

"யார வெக்கறது மச்சான்? அத மொதல்ல சொல்லு!"

அங்கேதான் சிக்கல். அண்ணனுக்கு ஒரு மகன், ஒரு மருமகன். தனக்கு அடுத்து யார் என்று அவர் இதுவரை வாயைத் திறக்கவில்லை. உள்ளாட்சித் தேர்தல் வேறு நெருங்குகிறது. கலியமூர்த்திக்கு கவுன்சிலர் சீட் மேல் ஒரு கண். பத்திரிகையில் 'தலைமை' என்று மகன் பெயரைப் போட்டால் மருமகன் மனதில் வைத்துக்கொள்வார். மருமகன் பெயரைப் போட்டால் மகன். இரண்டு பேரையும் போடலாமா? மேலே யார், கீழே யார்? பக்கத்தில் பக்கத்தில் போட்டால்... இடது பக்கம் யார்?

ஆக, நல்ல நேரமே பார்க்காத மனுஷன் தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்கு போன் போட ஆரம்பித்தான். "அண்ணனுக்கு இன்னிக்கு பிரஷர் எவ்ளோ?" நூற்று நாற்பது என்றால் சுபமுகூர்த்தம். நூற்றெண்பது என்றால் எமகண்டம்! அவன் மட்டுமா? கட்சியில் பாதிப் பேர் சால்வை வாங்கி பீரோவில் வைத்திருந்தார்கள் — யாருக்குப் போர்த்துவது என்று தெரியாமல்.

நமக்குச் சிரிப்பு. எழிலுக்கு? மாப்பிள்ளைக்கு தோஹாவில் வேலை. நாற்பத்தைந்து நாள் லீவில் வந்தவருக்கு மூன்றாவது தேதியும் போனபோது பாக்கி இருந்தது பதினொரு நாள். காடாம்புலியூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போன் பண்ணினார். "ஒங்களுக்குப் பொண்ணு முக்கியமா, கட்சி முக்கியமா? இந்த லீவுல முடியலன்னா நாங்க வேற எடம் பாத்துக்கறோம்." அந்தம்மா மேல் என்ன தப்பு?

எழில் கடலூரில்தான் டீச்சர். அன்று ஸ்கூல் விட்டதும் நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. தனியா போக ஒரு மாதிரி இருக்கு."

"எதுக்கும்மா?"

"அண்ணனையே கேட்டுடப் போறேன்."

நாளைக்குப் போகலாமே என்று இழுத்துப் பார்த்தேன். பத்தி எழுதுகிறவனுக்குத் தைரியம் ஜாஸ்தி என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் பெருந்தன்மை. வராந்தாவில் இந்தப் பக்கம் மகன் ஆட்கள், அந்தப் பக்கம் மருமகன் ஆட்கள். கலியமூர்த்தி மகள் பத்திரிகை வைக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

அண்ணன் தலையணையில் சாய்ந்து, உப்பில்லாத கஞ்சியைத் திட்டிக்கொண்டிருந்தார். எழில் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணே, எங் கல்யாணத்துக்கு ஒங்களால வர முடியுமா, முடியாதா? அவருக்கு லீவு முடியுது. தெரிஞ்சிக்கிட்டா நல்லாருக்கும்."

நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன் அவளையே பார்த்தார். அப்புறம் சிரித்தார்... இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"ஒரு மாசமா எல்லாரும் டாக்டரத்தாம்மா கேக்கறாங்க. என்னக் கேட்டது நீ ஒருத்திதான். முடியாதும்மா. பாத்ரூம் போயிட்டு வந்தாலே மூச்சு வாங்குது. நீ ஞாயித்துக்கெழமையே வெச்சுக்க. தலைமைன்னு எம் பேரே இருக்கட்டும். வராத ஆளு மேல யாருக்கும் கோவம் வராது."

வெளியே வந்ததும் எழில் அழுதாள். சந்தோஷத்திலா, அந்த 'முடியாது' என்ற வார்த்தைக்காகவா, எனக்குத் தெரியவில்லை.

பெரியவர்கள் நாற்காலியை விட மாட்டேன் என்கிறார்கள் என்று எவ்வளவு பேசுகிறோம்! அவர்கள் எதிரில் உட்கார்ந்து, 'உங்களால் முடிகிறதா?' என்று யாராவது கேட்கிறோமா? கேட்பது மரியாதைக் குறைவாம். வராந்தாவில் நின்று பிரஷர் எவ்வளவு என்று விசாரிப்பது மட்டும் மரியாதையா? கட்சியை விடுங்கள்... நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது?

ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நிறைந்துவிட்டது. மகனும் வந்தார், மருமகனும் வந்தார். மேடையில் தாலித் தட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். யார் எடுத்துக் கொடுப்பது? கலியமூர்த்திக்கு வேர்த்து ஊற்றியது. அந்த நேரம் பார்த்து அவன் செல்போன் அடித்தது. அண்ணன்!

மைக்கில் வைத்து எல்லோருக்கும் கேட்கச் செய்யலாம் என்றார்கள். உடனே இரண்டு கைகள் நீண்டன. "குடுங்க, நான் புடிக்கறேன்." "நீங்க இருங்க மாமா, நான் புடிக்கறேன்." அண்ணன் குரலைக் கையில் பிடித்திருக்கிறவர் படம்தானே நாளைக்கு பேப்பரில் வரும்! கலியமூர்த்தி போனோடு சிலையாக நின்றான். மாலையும் கழுத்துமாக எழில் எழுந்தாள். அப்பா கையிலிருந்து போனை வாங்கி, ஸ்பீக்கரைப் போட்டு, மைக் முன்னால் பிடித்தாள்.

அண்ணன் வாழ்த்தோடு ஆரம்பிக்கவில்லை. கேள்வியோடு ஆரம்பித்தார்.

"போன யாரு புடிச்சிருக்கறது?"

நீண்டிருந்த இரண்டு கைகளும் மெல்லக் கீழே இறங்கின.

"நாந்தான் அண்ணே, எழிலு."

"அப்ப சரி. தாலியையும் நீயே எடுத்து மாப்ள கையில குடும்மா."

கொடுத்தாள். மண்டபமே எழுந்து கை தட்டியது. மேடையில் இரண்டு பேர் மட்டும் கொஞ்சம் லேட்டாகத் தட்டினார்கள்.