துப்பட்டாவில் பதினேழாம் நம்பர் நட்டு

2005 ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு வாலாஜாபாத் போய் வந்தேன். செடிச் சாயம் கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். போன காரணம் என் பேத்தி மீனா. ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. இந்த வருஷம் அவள் லைனில் பூஜை செய்யப்போவது அவள்தான், பெண்களில் முதல் ஆள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பூஜை அன்றைக்கு யூனிஃபார்ம் கிடையாது. தன் வெள்ளைத் துப்பட்டாவைக் கொடுத்து, "மஞ்சளாக்கி எடுத்தா ஆயா. சொதப்பிடாத, வேற கிடையாது" என்றாள்.

பிள்ளைப்பாக்கத்தில் காலை எட்டுக்கு ஷேர் ஆட்டோ, ஐந்து ரூபாய். ஒரகடத்தில் பஸ் மாறினால் வாலாஜாபாத் முக்கால் மணி நேரம், ஆறு ரூபாய்.

துணிக்குள் வைத்து முடிச்சுப் போடச் சின்னக் கல் கொண்டுவரச் சொல்லியிருந்தாள், சாயம் சொல்லிக்கொடுக்கும் வசந்தா. எங்கள் பக்கம் கூழாங்கல்லைவிட நட்டு சுலபமாகக் கிடைக்கும். வீட்டில் துருப்பிடித்துக் கிடந்த நாற்பதை அள்ளிக்கொண்டேன். எல்லாம் ஒரே அளவு பாருங்கள்.

"இன்னாமா கனம் இது, ஜாக்கி எடுத்துகினு போறியா?" என்றார் ஆட்டோக்காரர்.

வகுப்பில் துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, நட்டு நட்டாக வைத்து நூலால் இறுக்கி, மாதுளந்தோல் கொதிக்கும் அண்டாவில் ஒரு மணி நேரம் விட்டேன். வெளியே எடுத்தால் அப்படி ஒரு மஞ்சள். முதல் முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே மை கொட்டினாற்போல் கறுப்பு.

"இன்னாக்கா வச்சுக் கட்டின?" என்றாள் வசந்தா.

"நட்டு."

"இரும்பா? கடுக்காயில இரும்பு பட்டா கறுத்துப் பூடுமே. துவைச்சாலும் போவாதுக்கா."

"கல்லு எடுத்தான்னுதானே சொன்ன? இரும்பு வாணாம்னு சொன்னியா?"

வசந்தா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயுத பூஜை லீவுக்கு முந்தியே, மறுநாள் கம்பெனியில் பூஜை. முழுவதும் அவிழ்த்து உதறினோம். மஞ்சளில் நாற்பது கறுப்பு ஆறுமூலைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள் ஓட்டை. வசந்தா சிரிப்பை நிறுத்திவிட்டு, "அக்கா, இத்த எனக்கும் சொல்லிக் குடு" என்றாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் போர்த்தப்போவது மீனாவாயிற்றே.

வீட்டில் அவள் விரித்துப் பார்த்தாள். ஆறுமூலை ஒன்றின்மேல் விரலை வைத்தாள்.

"ஆயா, இது பதினேழாம் நம்பர் ஸ்பானர் நட்டு. நாளெல்லாம் இதத்தான் டைட் பண்ணிகினு கீறேன்."

"கோவமாடி?"

"போ ஆயா. காலைல எடுத்து மாட்டிக்கினு போறேன்."

பூஜை முடிந்ததும், லைனில் அவள் பக்கத்தில் நிற்கும் திருநெல்வேலிப் பெண், "ஏளா, எந்தக் கடையில எடுத்த?" என்று கேட்டாளாம். "எங்க ஆயா பண்ணது" என்றாளாம் மீனா.

வகுப்பு ஞாயிறு ஒன்பதரைக்கு. மதியச் சோறு கட்டிக்கொண்டு போங்கள். நட்டு கட்ட ஆசையிருந்தால் கட்டுங்கள், ஆனால் உங்கள் சொந்தத் துணியில்.