லைன் வெட்டும் கலைப்பிரியா

இட்லியில் சாம்பாரை ஊற்றியதோடு சரி, தட்டைத் தள்ளிவிட்டு லேப்டாப்பைத் திறந்துவிடுகிறாள் கலைப்பிரியா. விழுப்புரத்தைச் சுற்றித் திண்டிவனம் வரை வீடுகளுக்கும் கடைகளுக்கும் இன்டர்நெட் லைன் கொடுக்கும் சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. வைரஸ் பிடித்த கம்ப்யூட்டர் எந்த லைனில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்காரர் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருப்பார். அவர் கம்ப்யூட்டர் மட்டும் நிமிஷத்துக்கொரு தரம் கண்காணாத தேசத்தைக் கூப்பிட்டு, என்ன செய்யட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கும். அங்கிருந்து எவனோ ஒருவன் உத்தரவு கொடுத்தால், இதுபோல் கெட்டுப்போன ஆயிரம் கம்ப்யூட்டர்கள் சேர்ந்துகொண்டு ஏதாவது ஒரு பேங்கையே முடக்கிப்போடும்.

"ஆளு இல்லாத வூட்ல பேச்சுக் குரல் கேட்டா சும்மா இருப்பியா நீ?" என்பாள்.

சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நிற்பாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடப்பாள். காணையோ திருவெண்ணெய்நல்லூரோ, நேரில் போய் லைனை வெட்டி, கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து, நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்தால்தான் மனசு ஆறும். "கண்டதையும் டவுன்லோட் பண்ணிக்கினு, அப்புறம் நெட்டு ஸ்லோன்னு எங்களுக்கே போன் பண்றது!"

அந்தத் திட்டை அதிகம் வாங்கியவர் திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் லூர்துமேரி. இரண்டு தடவை சுத்தம் செய்தும் அவர் கம்ப்யூட்டர் மறுபடி கெட்டது. மூன்றாம் தடவை கெட்டால் கனெக்‌ஷனையே எடுத்துவிடுவது ஆபீஸ் சட்டம். போன வாரம் அதற்குத்தான் கலைப்பிரியா போனாள்.

கடை வாசலில் காலேஜுக்கு அப்ளிகேஷன் போட வந்த பெண்கள் நின்றார்கள். லூர்துமேரி இன்டர்நெட் பெட்டிக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டார். "பழசத் தூக்கிக் கடாசிட்டேன் பிரியா. புதுசு வாங்கி இப்பதான் பிரிச்சேன். நெட்டு போச்சுன்னா ஜெராக்ஸ மட்டும் வச்சிக்கினு நான் எப்படிம்மா பொழைக்கிறது?"

கலைப்பிரியாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் காட்டிக்கொள்ள வராதே. "இருங்கக்கா, பாக்கறேன். புதுசு சுத்தமா இருந்தா ஆபீஸ்ல நான் பேசறேன்."

புதுக் கம்ப்யூட்டரை லைனில் மாட்டி, அது யாரைக் கூப்பிடுகிறது என்று தன் லேப்டாப்பில் பார்த்தாள். சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? எதற்கும் இருக்கட்டும் என்று, ஊர் ஊராகச் சுத்தம் செய்யக் கொண்டுபோகும் தன் பென் டிரைவை அதில் சொருகி வைரஸ் சோதனையை ஓட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் புதுக் கம்ப்யூட்டர் கூப்பிட ஆரம்பித்தது. அதே தேசம், அதே முகவரி.

எந்த ஊரில் இந்தப் பென் டிரைவுக்குத் தொற்றியதோ, அதற்குப் பிறகு எத்தனை வீடுகளில் தானே கொண்டுபோய்ச் சொருகினாளோ! கலைப்பிரியா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா பேஜாரு? நான் எதனா தப்பா அழுத்திட்டேனா?" என்றார் லூர்துமேரி.

"நீங்க ஒண்ணும் பண்ணலக்கா." புதுக் கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஆபீசுக்குப் போன் போட்டாள். "ஜெகதீசன் அண்ணே, ஜல்தியா ஒரு லைன வெட்டுங்க. அங்க என் டேபிள் கம்ப்யூட்டர் லைனுதான். வைரஸ் என் பென் டிரைவ்லதான் இருக்குது, நான்தான் பரப்பிக்கினு இருந்திருக்கேன். லூர்துமேரி அக்கா கனெக்‌ஷன்ல யாரும் கை வைக்காதீங்க. இத நானே சரிபண்ணிக் குடுத்துட்டு வர்றேன்."

காணையில் சுப்பராயலு என்ற கரும்பு விவசாயி, அவளுடைய அப்பா வயதுக்காரர். சுத்தம் செய்த கம்ப்யூட்டர் மறுபடி கெட்டதென்று, பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க அவரைத் திட்டிவிட்டு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவர் நம்பரை அழுத்தினாள். மறுமுனையில் அவர் "அலோ" என்றதும், ஸ்டூலை விட்டு எழுந்து நின்றாள்.