மேசைக்கு அடியில் தள்ளிய அச்சாறு

போன வருஷம் எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவில் நடந்தது இது. இலங்கையில் எஹலியகொடவுக்குப் பக்கத்தில் ஓர் இறப்பர் தோட்டத்தில்தான் நாங்கள் வேலை செய்து குடியிருக்கிறோம். அன்னதானச் சமையலுக்குப் பல வருஷமாக நான்தான் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

திருவிழாவுக்கு, லயம் என்று நாங்கள் சொல்லும் தோட்ட வரிசை வீடுகளில் ஒவ்வொரு வீடும் ஏதாவது செய்து கொண்டுவந்து பந்தியில் வைப்பது எங்கள் வழக்கம். எங்கள் லயத்துக்குக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணுக்கு அதுதான் முதல் திருவிழா. வாளி நிறைய வெரலு அச்சாறு, அதாவது ஊறுகாய், கொண்டுவந்தாள். வெரலு என்றால் நம்மூர் ஒலிவ் காய்தான். புகுந்த வீட்டுச் சொந்தமெல்லாம் தன் கைப்பக்குவத்தைச் சாப்பிட்டுப் பார்க்கப் போகிறது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

எனக்கோ அவள் வீட்டு வெரலு மரங்கள் ஞாபகம் வந்தன. திருவிழாவுக்கு முன்னால் மழை ஏமாற்றிய மாதங்களில், இறப்பர் பெக்டரியின் கழிவுத் தண்ணீரைத் தொட்டிகளில் தேக்கிச் சுத்தம் செய்து, குழாய் வழியாகக் கீழே விட்டார்கள். மரங்களுக்குப் பாய்ச்சலாம் என்று தோட்ட நிர்வாகி துரையே சொல்லியிருந்தார். அந்தத் தண்ணீரில்தான் அவள் வெரலு மரங்களைக் காப்பாற்றினாள். என் மனசு ஒப்பவில்லை. நாற்றத் தண்ணீரில் காய்த்தது சாமி சாப்பாட்டில் சேர்வதா? வாளியை மேசைக்கு அடியில் தள்ளினேன். பரிமாற வந்த பெண்களிடம் காரணத்தையும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவள் ஒவ்வொரு இலையாகப் பார்த்தாள். எதிலும் அச்சாறு இல்லை. மாமியார் ஏதோ கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பந்தி முடிந்த பிறகு, பாத்திரம் கழுவும் இடத்தில் நான் தனியாக இருந்தபோது வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நானும் பதிலோடு தயாராக இருந்தேன்.

"அக்கா, நீங்க அம்மனுக்குப் பூ பறிச்ச செம்பருத்தி வேலிக்கும் அந்தத் தண்ணிதான் போகுது. நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லிறாதீங்க, மாலைய கழட்டச் சொல்லிருவாங்க."

அம்மன் கழுத்தில் கிடந்த மாலை நான் கட்டியது. இந்த வறட்சியிலும் வேலி எப்படிப் பூத்திருக்கிறது பாருங்கள் என்று காலையில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டதும் நான்தான்.

ஓடிப்போய் வாளியை வெளியே இழுத்தேன். சாப்பிட யாரும் மிச்சமில்லை. அவள் அதை வாங்கிக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தாள். பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து போனாள்.

நான் அவளை எல்லார் காதிலும் விழும்படி அவமானப்படுத்தினேன். அவளோ என் மானத்தை யாருக்கும் தெரியாமல் காப்பாற்றினாள். அவள் நாலு பேர் முன்னால் என்னைக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டு மறந்திருப்பேன், கேட்காமல் விட்டதால்தான் இன்றைக்கும் அவள் எதிரே வந்தால் எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.