தீக்குச்சி செருகிய காது

வேலை விட்டு வந்து சட்டையைக் கழற்றியதும் நான் செய்கிற முதல் காரியம், இரண்டு தீக்குச்சிகளின் மருந்தைக் கிள்ளிவிட்டுக் காதுத் துளைக்கு ஒன்றாகச் செருகிக்கொள்வது. பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டிப் பக்கத்துக்காரன் இங்கிலாந்தில் காசு கொடுத்துத் தீப்பெட்டி வாங்குவது இதற்குத்தான். இந்த ஊர்க் குச்சி தடிமன், பிளேடால் சீவ வேண்டும். காலையில் மில்லுக்குக் கிளம்பும் முன் பிடுங்கிவிடுவேன். கடுக்கன் போடத் துணிச்சல் இல்லை, துளை தூர்ந்துபோகவும் மனசில்லை. “இது என்ன காதா, கதவா? தாப்பாளப் போட்டுப் போட்டு எடுக்கீய” என்பாள் என் மனைவி.

விளாத்திகுளம் பக்கம் எங்கள் ஊரில் கடுக்கன் இல்லாத ஆணை முழு ஆளாகவே சேர்க்க மாட்டார்கள். நான் ஐந்தாவது படிக்கும்போது வடக்கேயிருந்து ஒரு வாத்தியார் வந்தார். காதில் துளையே கிடையாது. வெயிலுக்குக் குடை பிடித்து நடப்பார், தண்ணீரும் அவரே இறைப்பார், சோறும் அவரே பொங்குவார். எங்கள் அய்யாவுக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது. “காது மூளியா இருக்கவன் ஒரு ஆம்பளையாலே? மடியில வச்சுக் குத்த ஒரு தாய்மாமன் இல்லாமலா போயிட்டான்?” என்றார். நாங்கள் ‘அக்கா வாத்தியார்’ என்று பெயர் வைத்தோம். அவர் ஏன் தனியாக இருந்தார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது, கேட்கத் தோன்றவும் இல்லை. ஒரே வருஷத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எழுபத்தாறில் இங்கே நூல் மில்லில் சேர்ந்தேன். ஊரில் பழகிய ஃபிட்டர் வேலைதான். சிவப்புக்கல் கடுக்கனோடுதான் போனேன். கேன்டீனில் ஒரு மேஜையில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். அவன் காது ஒன்றில் சின்ன வளையம். அடடே, நம்ம பக்கத்து ஆள் மாதிரி இருக்கிறானே என்று நேரே போய் எதிரில் உட்கார்ந்தேன். டெரிக் என்று பெயர். யார் குத்திவிட்டது என்று கேட்டான். குலசாமி கோயிலில் மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து ஆசாரி குத்தியதை, தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். “மடியிலா?” என்று இரண்டு தடவை கேட்டான். எங்கள் அய்யாவும் தாத்தாவும் ஊரில் உழுது பிழைக்கிற சம்சாரிகளும் எல்லாரும் போட்டிருப்பதைச் சொன்னேன். “நல்ல ஊராக இருக்கிறதே” என்றான். மறுநாளிலிருந்து எனக்கும் சேர்த்து ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிவந்து வைப்பான்.

அவனோடு ஏன் யாரும் உட்காருவதில்லை என்பதை வாரம் முடிவதற்குள் மற்றவர்கள் விளக்கிவிட்டார்கள். மேஸ்திரி மணிக்கட்டை ஒடித்து இடுப்பை வளைத்துக் காட்டினார். “உனக்கும் டெரிக்குக்கும் கல்யாணம் எப்போது?” என்று கேட்டார். எனக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது என்று பதறிப்போய்ச் சொன்னேன். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். டெரிக் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஒரு வளையம் போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை கடுக்கனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய், மேஸ்திரியின் மேஜையில் உட்கார்ந்தேன். டெரிக் இரண்டு கோப்பைகளோடு பழைய இடத்தில் என்னைத் தேடிவிட்டு இங்கே வந்தான். “காதில் இருந்தது எங்கே? தொலைத்துவிட்டாயா?” என்று அக்கறையாகக் கேட்டான். மேஜையில் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். “அது என் மனைவியுடையது. பயணத்தில் தொலையாமல் இருக்கப் போட்டுவந்தேன். எங்கள் ஊரில் ஆண்கள் யாரும் போடமாட்டார்கள்” என்று உரக்கச் சொன்னேன். அது பொய் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் டெரிக். அவன் என் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுப் போனான். அந்தத் தேநீரை நான் குடிக்கவும் செய்தேன்.

போன வருஷம் ஊரில் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் காது மூளியாக வந்து உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும்? மெட்ராஸில் ரயிலேறும்போதே கடுக்கனைப் போட்டுக்கொண்டேன். கரிசல்காட்டுக் கோயிலில், என் மடியில் இருந்த பையன் ஆசாரி கம்பியை வைத்ததும் வீரிட்டான். “ஏலே, பொட்டப்புள்ள கணக்கா அழுத? ஆம்பளைச் சிங்கம்லா நீ” என்றார் அய்யா.

“அழட்டும்யா. வலிக்கும்லா” என்றேன்.

அய்யா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சீமைக்குப் போயி நீயும் அந்த அக்கா வாத்தியார் கணக்கா ஆயிட்டியேலே” என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்தவர்களோடு சேர்ந்து சிரிப்பதில் நான் எந்த ஊரிலும் பின்தங்கியதில்லை.

போன மாதம் ஒருநாள், கிளம்பிய அவசரத்தில் இடது காதுக் குச்சியைப் பிடுங்க மறந்துவிட்டேன். கேன்டீன் வரிசையில் எனக்கு முன்னால் டெரிக் நின்றான். இத்தனை வருஷமாக எங்களுக்குள் தலையசைப்போடு சரி. தற்செயலாகத் திரும்பியவன் என் காதைப் பார்த்தான். மேஸ்திரியும் ஆட்களும் வந்துகொண்டிருந்தார்கள். டெரிக் தன் வளையத்தை விரலால் தட்டிக் காட்டினான். பிறகு எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து மறைத்துக்கொண்டு நின்றான். நான் குச்சியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன். ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். அதற்குள் மேஸ்திரி பக்கத்தில் வந்துவிட்டார். அவர் மேஜைக்கே போய் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டைப்பையிலிருந்த அதே குச்சியை எடுத்து அதே துளையில் செருகிக்கொண்டேன்.