கால் பட்டால் கை சும்மா இருக்காது

போலீஸ் படிப்புப் படிக்க நான் காலேஜில் சேர்ந்தபோது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. கூடப் படித்தவர்களுக்கெல்லாம் அப்போதுதான் மீசை முளைத்துக்கொண்டிருந்தது. முதல் நாள் நெற்றியில் திருநீற்றோடு, டை கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். வாத்தியார் வந்துவிட்டார் என்று எல்லோரும் கப்சிப். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது?

எழுபதுகளின் தொடக்கம் அது. மான்ட்ரியலில் அந்த மாதிரிக் காலேஜுகள் அப்போது புதுசு. பள்ளிக்கூடத்துக்கும் யுனிவர்சிட்டிக்கும் நடுவில், தொழில் கற்றுக்கொடுக்கிற இடம். வயது கூடிய ஆளானாலும், உழைக்கத் தயார் என்றால் சேர்த்துக்கொண்டார்கள். நான் ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும்தான். ஆங்கிலக் காலேஜ் என்பதால் தட்டுத்தடுமாறிச் சமாளிக்க முடிந்தது.

ஏன் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். லாசால் பகுதியில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எனக்கு ராத்திரி வாட்ச்மேன் வேலை. குறை சொல்ல முடியாது, முருகன் படியளந்துகொண்டிருந்தான். ஒரே ஒரு மனக்குறை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் நான் பஸ்ஸில் இருப்பேன். என் மனைவி தன்னந்தனியாக, சமையலறை அலமாரியில் நாங்கள் வைத்திருந்த முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவாள். கல்யாணமாகி நாலைந்து வருஷத்தில் நாங்கள் சேர்ந்து நின்று சாயங்கால விளக்கைக் கும்பிட்டது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். "விளக்கு கூட என்னை விதவைன்னு நினைச்சிக்கப் போகுது" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் துறைமுகத்தில் காவலர் வேலை இருப்பது தெரிந்தது. முழுக்கப் பகல் வேலை. போய்க் கேட்டேன். "படிப்பை முடித்துவிட்டு வா, இடம் தருகிறோம்" என்றார்கள். அவ்வளவுதான். ராத்திரி வேலை, பகலில் காலேஜ், நடுவில் கிடைத்த நேரத்தில் தூக்கம் என்று ஆரம்பித்துவிட்டேன்.

காலேஜ் ஒரு பழைய கன்னிமாடத்துக் கட்டிடத்தில் இருந்தது. கன்னியாஸ்திரீகள் ஜெபம் செய்த பெரிய கூடத்தில்தான் எங்களுக்கு உடற்பயிற்சி. சிலையை எடுத்துவிட்டார்கள். சுவரில் மாடம் மட்டும் காலியாக இருந்தது. எத்தனையோ பேர் கும்பிட்ட இடம், சாமி உடனே எழுந்து போய்விடுமா? நான் தினமும் உள்ளே நுழையும்போது அந்த மாடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் காலணியைக் கட்டுவேன்.

எனக்கு ஜோடியாகக் கிடைத்தவன் வில்லரே பேட்டையிலிருந்து வந்த ஓர் இத்தாலிக்காரப் பையன். அப்பாவுக்குக் கறிக்கடை. பையனின் தோள் ஒரு கதவு அகலம். என்னைப் 'பெரியவரே' என்பதுபோல ஏதோ ஒரு வார்த்தை சொல்லித்தான் கூப்பிடுவான். ஒரு தடவை என் குற்றவியல் சட்டப் புத்தகம் மடியிலிருந்து நழுவிக் கால்மேல் விழுந்தது. செங்கல் கனம். வலி ஒரு பக்கம் இருக்கட்டும், கால் பட்டுவிட்டதே என்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"சட்டத்துக்கு முத்தம் கொடுத்தாயா?" என்றான்.

"படிப்பு எங்களுக்குச் சாமி. காலில் பட்டால் மன்னிப்புக் கேட்கணும். மனுஷர்மேல் கால் பட்டாலும் அப்படித்தான்."

கேலி செய்வான் என்று நினைத்தேன். செய்யவில்லை. கொஞ்ச நாளில் காரணம் தெரிந்தது. மத்தியானச் சாப்பாட்டின்போது அவன் ரொட்டித் துண்டு கீழே விழுந்தது. சட்டென்று எடுத்து அதற்கு முத்தம் கொடுத்துவிட்டுத் தின்றான். நான் பார்ப்பதைப் பார்த்து, "ரொட்டியும் சாமிதான்" என்றான். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

சட்டப் பாடம், அறிக்கை எழுதுவது, முதலுதவி எல்லாம் எப்படியோ ஓடியது. கடைசி வருஷம் வந்தது கைதுப் பயிற்சி. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பயிற்சி கொடுத்தவர் போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற பிரெஞ்சுக்காரர். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். அவர் சொன்ன முறை இது: ஆளைச் சுவரைப் பார்த்து நிற்க வை. கையிரண்டையும் சுவரில் ஊன்றச் சொல். உன் பாதத்தால் அவன் பாதங்களைத் தட்டி அகட்டு. கால் அகன்றால் அவனால் ஓடவோ திரும்பவோ முடியாது. ஒரு கையால் அவன் முதுகை அழுத்திக்கொண்டே சோதனை போடு, விலங்கு மாட்டு. முதுகிலிருந்து கையை எடுத்தாயோ, ஆள் போச்சு.

"அலே!" என்றார் வாத்தியார், ஆகட்டும் என்று.

இத்தாலிக்காரனைச் சுவரில் நிறுத்தினேன். முதுகில் கை வைத்தேன். பாதத்தால் தட்டினேன். என் காலணி அவன் கணுக்காலில் பட்டது. பட்டதுதான் தாமதம், முதுகில் இருந்த என் கை தானாகக் கீழே போய், அவன் காலைத் தொட்டு, என் கண்ணுக்கு வந்துவிட்டது. நிமிர்ந்து பார்க்கிறேன், சுவர்தான் இருக்கிறது. ஆள் கூடத்தின் அந்தக் கோடியில் நின்று கையாட்டுகிறான். காவலர் தவறினால் ஓடிவிட வேண்டும் என்பது பயிற்சி விதி.

கூடமே அதிர்ந்தது சிரிப்பில். இன்னொரு தடவை. அப்போதும் அதே கதை. மூன்றாம் தடவை நான் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினேன். பாதி வழியில் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஆனால் அதற்குள் அவன் காலி மாடத்துக்குக் கீழே போய் உட்கார்ந்திருந்தான்.

வாத்தியார் கோபிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ நல்ல மனுஷன். ஆனால் தெருவில் திருடன் உன் பூஜை முடிகிற வரைக்கும் காத்திருக்க மாட்டான். திரும்பிக் குத்துவான். பரீட்சையன்று உன் கை கீழே போனால் நான் உன்னைத் தேற விட மாட்டேன். உன் பெண்டாட்டிக்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது."

அவர் சொன்னது நியாயம். இதில் தேறாவிட்டால் படிப்பு முடியாது. படிப்பு முடியாவிட்டால் துறைமுகம் கிடையாது. சாயங்கால விளக்கு மறுபடியும் அவளுக்குத் தனி.

அந்த வாரம் இல்-பிசாரில் நம்மூர் டாக்டர் ஒருவர் வீட்டில் பஜனை. பஸ் அதிகம் போகாத தீவு, யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போனால்தான் உண்டு. வருகிறவர்கள் எல்லாம் டாக்டர், பேராசிரியர், இன்ஜினியர். பிரியமானவர்கள்தான், ஆனால் என் படிப்பு அவர்கள் வாய்க்கு அவல்.

"என்னய்யா, நம்ம ஊர்ல போலீஸ்காரன் சைக்கிள்ல லைட் இல்லைன்னு பிடிப்பான். இங்க நீ எதுக்குப் பிடிக்கப் போறே?" என்றார் எங்களைக் கூட்டிப்போன இன்ஜினியர்.

"நீங்க இப்ப வண்டி நிறுத்தியிருக்கற இடத்துக்கே பிடிக்கலாம் சார்" என்றேன். பக்கத்து வீட்டு வாசலை அடைத்து நிறுத்தியிருந்தார் அவர். பாவம், எழுந்து ஓடினார்.

அப்படியே கைதுப் பயிற்சிக் கதையையும் சொன்னேன். "இதென்ன பெரிய விஷயம், கொஞ்சம் மனசை அடக்கினா போச்சு" என்றார் பேராசிரியர். பஜனை ஆரம்பித்தது. ஜமக்காளத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். தீபாராதனைக்கு எல்லோரும் எழுந்தபோது பேராசிரியர் கால் டாக்டர் முழங்காலில் இடித்தது. பேராசிரியர் கை பறந்து போய் முழங்காலைத் தொட்டுக் கண்ணுக்கு வந்தது. டாக்டரம்மா கர்ப்பூரத் தட்டோடு நின்றவர் அப்படியே குலுங்கிச் சிரித்துவிட்டார். "இந்த வீட்டுல இருக்கற ஒருத்தரையும் போலீஸ்ல எடுக்க மாட்டாங்க" என்றார்.

மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் ஆறுதல் பரீட்சையில் தேறவைக்காதே.

மறுநாள் என் மனைவியிடம் கேட்டேன், பயிற்சிக்குச் சுவரோரம் நிற்கிறாயா என்று.

"கட்டின பொண்டாட்டியை உதைச்சுப் படிக்கற காலேஜை இப்பத்தான் கேள்விப்படறேன்."

"உதை இல்லை. தட்டறது."

"எங்க அப்பாவுக்கு எழுதறேன், மாப்பிள்ளை உதைக்கல, தட்டத்தான் செய்யறாருன்னு." சொல்லிக்கொண்டே புடவையை இழுத்துச் செருகி, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் சுவரில் கை ஊன்றி நின்றுவிட்டாள். ஒரு கையில் தோசைக் கரண்டி.

"அது எதுக்கு?"

"திருடன் வெறுங்கையோட வருவானா?"

தட்டினேன். கை கீழே போனது. நிமிர்வதற்குள் தலையில் கரண்டி விழுந்தது. மெதுவாகத்தான், ஆனால் மாவு ஒட்டியிருந்தது. இன்னொரு தடவை, இன்னொரு கரண்டி. தலையணையை நிறுத்திப் பார்த்தேன். தலையணைக்குக் கை போகவில்லை. வலது கையைப் பெல்ட்டில் செருகிப் பார்த்தேன். இடது கை போனது. அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இது என் உடம்பிலேயே ஊறினதும்மா. எடுக்க முடியாது. எடுத்தாலும் நான் நானா இருக்க மாட்டேன். துறைமுகம் நமக்கு இல்லை போல" என்றேன்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏங்க, காலையில படுக்கையை விட்டு இறங்கறதுக்கு முன்னாடி என்ன பண்றீங்க?"

"பூமாதேவியைத் தொட்டுக் கும்பிடறேன். மிதிக்கப் போறேன், பொறுத்துக்கோ தாயேன்னு."

"மிதிச்சப்புறமா?"

"முன்னாடி."

"அப்புறம் நாள் பூரா மிதிச்சிக்கிட்டுத்தானே திரியறீங்க? ஒவ்வொரு அடிக்கும் குனியறீங்களா? பஸ்ஸைப் பிடிக்க ஓடறப்போ?"

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவளே சொன்னாள். "பூமியே முன்கூட்டிக் கேட்ட மன்னிப்பை ஏத்துக்குது. திருடன் ஏத்துக்க மாட்டானா? முதல்லயே கேட்டுடுங்க. அப்புறம் கை வேலையைப் பார்க்கட்டும்."

எழுந்து சுவரில் நின்றாள். நான் அவள் பாதத்துக்குப் பின்னால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தட்டினேன். கை கொஞ்சம் துடித்தது, ஆனால் முதுகை விட்டுப் போகவில்லை. கரண்டி விழவில்லை. அதற்குப் பிறகு பரீட்சை வரைக்கும் தினமும் நான் வேலைக்குப் போகுமுன் ஒரு கைது நடந்தது எங்கள் சமையலறையில்.

பரீட்சையன்று இத்தாலிக்காரனோடு ஜோடி போடுவார்கள் என்று நம்பிப் போனேன். வாத்தியார் வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை, என் அப்பா வயது. பெரியவர்மேல் காலா? மாடத்தைப் பார்த்தேன். முருகா, நீயே பார்த்துக்கொள் என்றேன்.

அவர் சுவரில் கை ஊன்றினார். வாத்தியார் விசிலை வாயருகே கொண்டுபோனார். "ஒரு நிமிஷம்" என்று குனிந்து, அவர் பாதத்தருகே தரையைத் தொட்டேன்.

"ஏதாவது கீழே விழுந்துவிட்டதா?" என்றார் பெரியவர் சுவரைப் பார்த்தபடியே.

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெஞ்சிலிருந்து இத்தாலிக்காரன் கத்தினான்: "விசில் இன்னும் ஊதவில்லை சார்!"

வாத்தியார் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது உண்மைதான்" என்றார். ஊதினார்.

முதுகில் கை. பாதத்தால் ஒரு தட்டு, இந்தப் பக்கம். இன்னொரு தட்டு, அந்தப் பக்கம். கை இருந்த இடத்தில் இருந்தது. சோதனை போட்டேன், சட்டைப்பையில் ஒளித்து வைத்திருந்த மரக்கத்தியை எடுத்தேன், விலங்கு 'க்ளிக்' என்றது. அந்தச் சத்தம் எனக்குக் கோயில் மணி மாதிரி கேட்டது.

தேறிவிட்டேன். நடுவில் அவரிடம் "தயவுசெய்து காலை அகட்டுங்கள் ஐயா" என்று சொன்னதற்குக் கொஞ்சம் மதிப்பெண் குறைத்தார்கள். குறைக்கட்டும்.

வெளியே வரும் அவசரத்தில் இத்தாலிக்காரன் தன் சட்டப் புத்தகத்தைக் காலால் இடித்துத் தள்ளிவிட்டான். நின்றான். என்னைப் பார்த்தான். புத்தகத்தை எடுத்து ரொட்டிக்குக் கொடுப்பது மாதிரி ஒரு முத்தம் கொடுத்து, பையில் போட்டுக்கொண்டு நடந்தான்.

துறைமுகத்தில் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்கள். முதல் நாள் வேலை முடித்து வந்தபோது அவள் விளக்கை ஏற்றாமல் திரியை மட்டும் போட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தாள். தீக்குச்சியை என் கையில் கொடுத்தாள். ஏற்றிவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து நின்று கும்பிட்டோம்.

காலையில் தரையைத் தொட்டுக் கும்பிடும்போது நான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் குனிந்திருப்பேன். அடுப்படியிலிருந்து குரல் வரும்: "இன்னிக்கு எத்தனை பேருக்குச் சேர்த்துக் கேக்கறீங்க?"

"கப்பல் எத்தனை வருதோ, யாருக்குத் தெரியும்? மொத்தமாக் கேட்டு வெச்சிருக்கேன்" என்பேன்.