சேகரித்தவர் பெயர்

ஈரத்தாளில் அழுத்தி வைத்த பேடாவின் வாடை எப்படி இருக்கும் தெரியுமா, நண்பர்களே? அழுகிய கீரையும் சேறும் கலந்த நாற்றம். ஆகாயத்தாமரையைத்தான் ரங்கூனில் பேடா என்போம். என் இருபதுகளில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க அந்த வாடைதான். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே சமைப்பாள்...

நான் அப்போது தாவரவியலில் முதுகலை மாணவி. ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில், தனியாக ஒன்றை ஆராய்ந்து எழுதினால்தான் பட்டம். அந்த ஆசிரியரை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். ஒருவர் நேரமில்லை என்றார். இன்னொருவர், கல்யாணம் ஆனதும் விட்டுவிடுவாய் என்றார். கடைசியில், சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை... பெண்பிள்ளை தனியாக அவர் அறைக்கு வரக்கூடாது. வீட்டு ஆண் ஒருவர் கூடவே உட்கார வேண்டும்.

அண்ணனுக்கு இன்சீன் ரயில் பட்டறையில் வேலை. சனிக்கிழமை அரைநாள் முடித்து, கையில் கிரீஸோடு வந்து உட்காருவார். மேசைக்கு எதிரே இருந்த நாற்காலி அவருக்கு. எனக்கு அலமாரி ஓரத்தில் ஒரு முக்காலி.

"தம்பி, வேரை இன்னும் நல்லாக் கழுவணும்னு தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

அண்ணன் என் பக்கம் திரும்புவார். "வேரைக் கழுவணுமாம், பாப்பா."

நான் என்ன காது கேளாதவளா? கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் இருந்தேன். பற்றிக்கொண்டு வரும். பட்டத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

த்வாண்டே கால்வாய்க்கு நானும் அண்ணனும் சாம்பான் படகில் போனோம். சேலை நனையக் குனிந்து, பேடாவை வேரோடு பிடுங்கியது நான். அண்ணன் குடை பிடித்தார். காயவைத்து, தாள்களில் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடியில் சீட்டு எழுதி ஒட்டுவது பேராசிரியரின் வேலை. செடி, எடுத்த இடம், நாள், சேகரித்தவர்... எங்கள் துறையில் அந்தச் சீட்டுதான் சாட்சி. அதில் பெயர் இல்லையென்றால் உழைப்பே நம்முடையதில்லை.

அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தால், எல்லாத் தாள்களிலும் சேகரித்தவர் என்ற இடத்தில் அண்ணன் பெயர்.

"சார், பறிச்சது நான்" என்றேன்.

அவர் அண்ணனைப் பார்த்தார். "தங்கச்சி என்ன சொல்லுது, தம்பி?"

"அது சொல்றது நெசந்தாங்க. நான் கொடைதான் புடிச்சேன்."

"ரொம்ப அடக்கமான பிள்ளை" என்று சிரித்தார் அந்த மனுஷன்.

எழுந்து போய், அவருடைய பேனாவையே எடுத்து, ஒவ்வொரு தாளிலும் அண்ணன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.

"வெளியே போ."

அத்தனை மாதங்களில் அவர் நேராக என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

தாள்களை அள்ளிக்கொண்டுதான் போனேன். மறுவருடம் வேறோர் ஆசிரியரைப் பிடித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். பட்டம் கிடைத்தது. ஆனால் அந்த ஒரு வருடம் போனது போனதுதான்... இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

பிறகு நானே ஆசிரியை ஆனேன். இப்போது பெண்கள் தனியாகவே ரயிலேறி வருகிறார்கள், என்னிடமே வாதாடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. கொஞ்சம் பொறாமையும் உண்டு.

எப்போதாவது ஒரு பெண்ணோடு அப்பாவோ அண்ணனோ வந்து நிற்பார். என் மேசைக்கு எதிரே ஒரே நாற்காலிதான். அதில் அவள் உட்காரும்வரை நான் வாயைத் திறப்பதில்லை.